ஒன்பது டெராபைட் எங்கே போனது?

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் கணினி ஆய்வகத்துக்கென்று நான்கு வன்தட்டுகளும், அவற்றைச் செருகிக்கொள்ள ஒரு சேமிப்புப் பெட்டியும் கொடுத்தார்கள். அவரவர் வீட்டிலும் அலுவலகத்திலும் உபரியாக இருந்தவை. ஒன்று 1 டெராபைட், இரண்டு 2 டெராபைட், இன்னொன்று 4 டெராபைட். தயாரித்த நிறுவனம் வேறு வேறு. வாங்கிய ஆண்டும் வேறு வேறு. "நான்கையும் பெட்டியில் போட்டால் எவ்வளவு இடம் கிடைக்கும்?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "ஒன்பது, சார்" என்று வகுப்பே சொன்னது. பெட்டியை இயக்கி, ஒரு தட்டு பழுதானாலும் தரவு அழியாத அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் 2.7 என்று வந்தது.

"கூட்டல் தெரியாத பெட்டி" என்றான் ஒருவன். அந்தப் பாடவேளை முடிவதற்குள் என்னால் அவனுக்குச் சரியான விடை சொல்ல முடியவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் படித்தும் செய்துபார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமான செய்தி அல்ல இது. விகிதம், நிகழ்தகவு, அடுக்கு எண்கள் என்று கணக்குப் பாடத்துக்குள் பல இடங்களில் இது நுழைகிறது. அதோடு, ஆண்டுவிழாப் படங்கள், வினாத்தாள்கள், மாணவர்களின் செயல்திட்டங்கள் என்று நாம் எல்லோரும் ஏதாவது ஒரு தட்டில் எதையாவது போட்டு வைத்திருக்கிறோம். அது இருக்கும் என்று நம்புகிறோம்.

முதலில் சிறிய வேறுபாட்டை முடித்துவிடுவோம். பெட்டி காட்டியது 2.7, உண்மையில் கிடைத்தது 3 டெராபைட். தட்டு விற்பவர்கள் டெராபைட் என்பதை 10இன் 12ஆம் அடுக்கு பைட்டுகள் என்று கணக்கிடுகிறார்கள். பல கணினிகளும் பெட்டிகளும் 2இன் 40ஆம் அடுக்கை ஓர் அலகாக வைத்து எண்ணுகின்றன. 3 இலட்சம் கோடியை 2இன் 40ஆம் அடுக்கால் வகுத்தால் 2.73 வரும். 1 டெராபைட் தட்டு வாங்கியவர்கள் கணினியில் 931 ஜிகாபைட் என்று பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதும் இதனால்தான். இடம் எதுவும் குறையவில்லை, அளவுகோல்தான் இரண்டு.

ஆனால் ஒன்பது மூன்றானதற்கு அது காரணம் இல்லை.

மதிப்பெண் பட்டியலின் மொத்தம்

ஒரு மாணவரின் மதிப்பெண் பட்டியலில் தமிழ் 72, கணக்கு 88, அறிவியல் 65, மொத்தம் 225 என்று இருக்கிறது. கணக்கு மதிப்பெண்ணின் மேல் மை கொட்டிவிட்டது. நமக்குக் கவலை இல்லை. 225இலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 88 வந்துவிடும். மொத்தத்தின் மேலேயே மை கொட்டினாலும் கூட்டிக்கொள்ளலாம். எந்த ஒரு கட்டம் அழிந்தாலும் மீட்கலாம். இரண்டு அழிந்தால் முடியாது.

வன்தட்டுகளைச் சேர்த்து வைக்கும் 'ரெய்டு' முறையின் ஐந்தாம் வகை இதைத்தான் செய்கிறது. 1988ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. விலை உயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறிய தட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஒன்று போனாலும் மற்றவை காப்பாற்றும்படி செய்யலாம் என்பது அவர்களுடைய வாதம். தரவை வரிசை வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டத்தில் 'மொத்தம்' போன்ற ஒன்றை எழுதி வைப்பார்கள். உண்மையில் அது கூட்டல் அல்ல, பிட்டுகளின் ஒற்றை இரட்டையைப் பார்க்கும் ஒரு தருக்கச் செயல். பயன் ஒன்றுதான்.

ஒரு வரிசை நிறைவாக இருக்க வேண்டுமானால், நான்கு தட்டிலும் ஆளுக்கொரு கட்டம் காலியாக இருக்க வேண்டும். 1 டெராபைட் தட்டு நிரம்பிய இடத்தில் வரிசை முறிந்துவிடும். அதற்கு மேல் மற்ற தட்டுகளில் எவ்வளவு இடம் இருந்தாலும் பயன் இல்லை. எனவே நான்கு தட்டும் 1 டெராபைட் தட்டாகவே கருதப்படும். அவற்றில் ஒரு தட்டின் அளவு 'மொத்தம்' எழுதப் போய்விடும். மீதி 3. எங்கள் வகுப்பில் ஒரு மாணவி இதைக் கரும்பலகையில் நான்கு செவ்வகங்களாக வரைந்தாள். படம் போட்டதும் எல்லோருக்கும் புரிந்தது. உடனே அவளே அடுத்த கேள்வியையும் கேட்டாள். "மேலே மிச்சம் இருக்கிற துண்டுகளை மட்டும் இன்னொரு முறை அடுக்கினால் என்ன சார்?"

மிக நல்ல கேள்வி. 1, 2, 2, 4 ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தால் 0, 1, 1, 3. மூன்று தட்டில் 1 டெராபைட் உயரத்துக்கு இன்னொரு அடுக்கு போடலாம். அதில் ஒன்று 'மொத்தம்', மீதி 2. முன்பு கிடைத்த 3உடன் சேர்த்தால் 5 டெராபைட். பெரிய தட்டின் தலையில் மிஞ்சும் 2 டெராபைட்டுக்குத் துணை இல்லை, அதை விட்டுவிட வேண்டும். சைனாலஜி நிறுவனத்தின் பெட்டிகளில் 'ஹைப்ரிட் ரெய்டு' என்ற பெயரில் வருவது இந்த அடுக்குமுறைதான். கிடைக்கும் இடத்துக்கு ஒரு குறுக்குவழிக் கணக்கும் உண்டு: எல்லாவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து மிகப் பெரியதைக் கழிக்கவும். 9 கழித்தல் 4, ஐந்து.

மூன்றாவது வழி, எதையும் கூட்டாமல் கழிக்காமல் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு படிகள் எடுத்து, இரண்டையும் வேறு வேறு தட்டுகளில் வைப்பது. அப்போது ஒன்பதில் பாதி, 4.5 டெராபைட் கிடைக்கும். எப்போதும் பாதி கிடைக்குமா? 4 டெராபைட் தட்டுக்குப் பதிலாக 8 டெராபைட் தட்டு இருந்தால் கூட்டுத்தொகை 13, பாதி 6.5. ஆனால் பெரிய தட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இணையான படி மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும். மற்ற மூன்றும் சேர்ந்தே 5தான். எனவே 5க்கு மேல் போக முடியாது. கூட்டுத்தொகையில் பாதி, மிகப் பெரியதை நீக்கிய மீதி ஆகிய இரண்டில் எது சிறியதோ அதுவே விடை. எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் எண்களை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். விதியை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பெரிய தட்டுக்கு வேலை அதிகம்

எங்களுடையது நான்கு தட்டுப் பெட்டி. நாம் நாள்தோறும் கைபேசியில் இடும் வருகைப்பதிவு போன்றவை போய்ச் சேரும் தரவு மையங்களில் தட்டுகள் அலமாரி அலமாரியாக நிற்கும். அங்கே ஒரு கணினி அல்ல, பல கணினிகளின் தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே சேமிப்பகமாகக் காட்டுவார்கள். இதைச் சேமிப்புக் கொத்து என்று சொல்லலாம். இவ்வாறான கொத்துகளில் எல்லாத் தட்டும் ஒரே அளவில் இருப்பது அரிது. ஐந்தாண்டுக்கு முன் வாங்கியது 4 டெராபைட். இப்போது அதே விலைக்குப் பெரியது கிடைக்கிறது. பழையதைத் தூக்கி எறியவும் முடியாது. கலந்துதான் ஆக வேண்டும்.

கலப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மென்பொருள்களில் ஒன்று செஃப். கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்ற ஆராய்ச்சி மாணவர் தொடங்கியது. 2006இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆக்டோபஸும் கணவாயும் அடங்கிய தலைக்காலிகளின் ஆங்கிலப் பெயரிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். பல கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் அல்லவா! ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் 2013 முதல் இதைப் பயன்படுத்துகிறது.

செஃப்பில் எந்தத் தரவு எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் பெரிய பேரேடு கிடையாது. தேவைப்படும்போது கணக்கிட்டே கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் எல்லாத் தட்டுகளும் ஆளுக்கொரு குச்சியை உருவுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளமான குச்சி யாருக்கு வருகிறதோ அவர் அந்தத் தொகுதியை வைத்துக்கொள்ள வேண்டும். குச்சியின் நீளம் தரவின் பெயரிலிருந்து ஒரு சூத்திரத்தால் வருவதால், எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே தட்டுதான் வெல்லும். பெரிய தட்டுக்கு எடை அதிகம். அதன் குச்சி நீளமாக வரும் வாய்ப்பும் அதிகம். எடையை வழக்கமாகத் தட்டின் டெராபைட் அளவாகவே வைப்பார்கள். புதிய தட்டு ஒன்றைச் சேர்த்தால் அது வெல்லும் தொகுதிகள் மட்டும் இடம் மாறும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

இனி நம் 1, 2, 2, 4 தட்டுகளை இந்தக் குலுக்கலில் நிறுத்திப் பார்ப்போம். இரண்டு படி. முதல் படிக்கு ஒரு குலுக்கல். வென்ற தட்டை ஒதுக்கிவிட்டு இரண்டாம் படிக்கு இன்னொரு குலுக்கல். 4.5 டெராபைட்டும் நிரம்ப வேண்டுமானால், 4 டெராபைட் தட்டு ஒவ்வொரு 100 தொகுதியிலும் 89க்கு ஒரு படி வைத்திருக்க வேண்டும். நிகழ்தகவைக் கணக்கிட்டால் வருவது 75தான். காரணம் எளிது: முதல் குலுக்கலில் வென்ற பெரிய தட்டு இரண்டாவதில் கலந்துகொள்ள முடியாது. அதனால் அதன் பங்கு குறைகிறது. குறைந்தது சிறியவற்றின் தலையில் விழுகிறது. 1 டெராபைட் தட்டுக்கு 22 வர வேண்டிய இடத்தில் 26 வருகிறது. ஆகவே ஏறத்தாழ 3.8 டெராபைட் எழுதும்போதே அந்தச் சிறிய தட்டு நிரம்பிவிடும். பெரியதில் இன்னும் ஒரு டெராபைட்டுக்கு மேல் காலியாக இருக்கும்.

சிறியது நிரம்பினால் என்ன, மற்றவற்றில் எழுதலாமே என்று தோன்றும். குலுக்கலில் அதன் பெயர் வந்துகொண்டேதான் இருக்கும். செஃப்பின் இயல்பான அமைப்பில் ஒரு தட்டு 85 விழுக்காடு நிரம்பியதும் எச்சரிக்கை வரும். 95ஐத் தொட்டால், அந்தத் தட்டைச் சார்ந்த சேமிப்பகத்தில் எழுதுவதே நிறுத்தப்படும். மற்ற தட்டுகளில் இடம் இருந்தும் ஒரு சின்னத் தட்டுக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டும். எடைகளைக் கையால் சரிசெய்து இதை ஓரளவு தவிர்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் நிபந்தனை நிகழ்தகவு நடத்துபவர்கள் 75 எப்படி வந்தது என்பதை மாணவர்களிடம் ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். முதல் குலுக்கலில் யார் வென்றார் என்று நான்கு நிலைகளாகப் பிரித்தால் வந்துவிடும்.

இடத்தைவிட வேகம்தான் பெரிய சிக்கல். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் முள்ளுக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். முள் உள்ளும் புறமும் நகர இன்னும் 8 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக ஒரு கோரிக்கைக்கு ஏறத்தாழ 12. விநாடிக்கு 80 கோரிக்கைகள். 1 டெராபைட் தட்டானாலும் 16 டெராபைட் தட்டானாலும் இந்த 80 பெரிதாக மாறாது. தகட்டில் தரவு நெருக்கமாக எழுதப்படுகிறதே தவிர, தகடு வேகமாகச் சுழல்வதில்லை.

ஆனால் 16 மடங்கு தரவு வைத்திருக்கும் தட்டைத் தேடி 16 மடங்கு கோரிக்கைகள் வரும். ஒரு வகுப்பில் 20 பேர், பக்கத்து வகுப்பில் 120 பேர். இரண்டுக்கும் ஒரே ஓர் ஆசிரியர் என்றால் எங்கே தாமதம் வரும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறிய தட்டுகள் சும்மா இருக்கும். பெரிய தட்டின் வாசலில் வரிசை நிற்கும். மூன்று படி எழுதும் அமைப்பில் மூன்றும் எழுதி முடித்த பிறகுதான் 'முடிந்தது' என்ற பதில் வரும். எனவே மூன்றில் மெதுவானது எதுவோ அதுவே எல்லாவற்றின் வேகம். பெரிய தட்டுகளைச் சேர்த்தால் கொத்து வேகம் பெறும் என்று எதிர்பார்த்தவர்கள், அது மந்தமாவதைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான். சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.யையும் வன்தட்டையும் ஒரே குழுவில் கலந்தாலும் இதே கதைதான், எழுதும்போது எஸ்.எஸ்.டி. வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கும். 2017 முதல் செஃப் தட்டுகளின் வகையைத் தானே கண்டறிந்து பிரித்து வைத்துக்கொள்கிறது. அவசரத் தரவு எஸ்.எஸ்.டி. குழுவுக்கும் பழைய பதிவேடுகள் வன்தட்டுக் குழுவுக்கும் போகும்படி விதி எழுதலாம்.

வேறுபாட்டைத் தட்டுக்குத் தட்டு வைப்பதைவிடக் கணினிக்குக் கணினி சமமாகப் பகிர்வது நல்லது. மூன்று கணினிகள், ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கணினியில் என்று ஒரு கொத்து அமைத்து, முதல் இரண்டில் தலா 12 டெராபைட்டும் மூன்றாவதில் 4 டெராபைட்டும் போட்டால், கைக்குக் கிடைப்பது 4தான். பெரியதையும் சிறியதையும் மூன்றிலும் கலந்து அடுக்கினால் இந்த நட்டம் வராது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே குழுவில் உட்கார வைக்கக் கூடாது என்பது போல.

ஓட்டு வீட்டு வன்தட்டு

உறையில் ஒரே அளவு, ஒரே சுழல்வேகம் என்று போட்டிருந்தும் உள்ளே வேறாக இருக்கும் தட்டுகள் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, தகட்டில் எழுதும் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி அமரும்படி எழுதும் முறை ஒன்று இருக்கிறது. ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியாது. அதன் மேல் ஏறி நிற்கும் ஓடுகளையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். இந்தத் தட்டிலும் ஓர் இடத்தைத் திருத்தி எழுதினால் அதை அடுத்துள்ள தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். எழுதி வைத்துவிட்டுப் படிக்க மட்டும் செய்யும் பயன்பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது. பழுதான தட்டுக்குப் பதிலாக இதைச் செருகி, பல மணி நேரம் இடைவிடாமல் எழுதச் சொன்னால் திணறிவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்ற ரெட் வரிசைத் தட்டுகள் சிலவற்றில் இந்த முறை இருந்ததை வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அதன் பிறகு எந்த மாதிரியில் எந்த முறை என்று வெளியிட்டார்கள். தட்டு வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மேசைக் கணினித் தட்டையும் சேமிப்புப் பெட்டித் தட்டையும் கலப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் மேசைக் கணினித் தட்டு விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அந்தத் தரவுக்கு வேறு படி கிடையாது என்று அது நினைக்கிறது. பெட்டித் தட்டு ஏழு விநாடி அளவில் முயன்றுவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். பக்கத்துத் தட்டில் படி இருக்கிறது என்று அதற்குத் தெரியும். தேர்வறையில் ஒரே வினாவில் உட்கார்ந்துவிடும் மாணவரையும், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் மாணவரையும் நாம் பார்த்திருக்கிறோம். நீண்ட நேரம் பதில் வராத தட்டைப் பெட்டி பழுதானது என்று முடிவுகட்டி வெளியே தள்ளிவிடக்கூடும், தட்டு நன்றாக இருந்தாலும்.

ஒரே நாளில் வாங்கிய இரண்டு தட்டுகள்

இதுவரை படித்தவர்கள், கலப்பதே தொல்லை, ஒரே மாதிரியாக வாங்கிவிடுவதே நல்லது என்று முடிவுசெய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிப் படங்களுக்காக ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரியில் இரண்டு தட்டுகள் வாங்கினோம். வரிசை எண்கள்கூட அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும்படி அமைத்தோம். மூன்றாண்டு கழித்து ஒன்று நின்றுபோனது. பதில் தட்டு வந்து சேர இரண்டு வாரம் ஆனது. அதைச் செருகி, நல்ல தட்டிலிருந்து நகல் எடுக்கத் தொடங்கிய அன்று இரவே அந்த 'நல்ல' தட்டும் நின்றுவிட்டது. ஆறு ஆண்டுப் படங்கள். படித்து முடித்து வெளியூர் போய்விட்ட பிள்ளைகளின் முதல் மேடை, முதல் பரிசு எல்லாம் அதில் இருந்தன. சிலருடைய பெற்றோர் கைபேசியில் இருந்த சில படங்களை மட்டும் திரும்பச் சேகரித்தோம்.

கெட்ட நேரம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அல்ல என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகத்தான் பழுதாகும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டு நிகழ்தகவுகளைப் பெருக்கினால் ஒரே வாரத்தில் இரண்டு போவது மிக அரிது. இரண்டு விடைத்தாள்களில் ஒரே இடத்தில் ஒரே தவறு இருந்தால் நாம் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்வோமா? ஒரே தொழிற்சாலை, ஒரே வாரம், ஒரே மூலப்பொருள், ஒரே உள்மென்பொருள், பிறகு ஒரே பெட்டியின் வெப்பம், ஒரே அளவு வேலை. பெருக்கல் விதி அங்கே செல்லாது.

2007இல் பியங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் (1988இன் அதே கிப்சன்தான்) இருவரும் ஏறத்தாழ ஒரு இலட்சம் தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தயாரிப்பாளர்கள் தட்டின் சராசரி ஆயுளைப் பத்து இலட்சம் மணி நேரம், அதற்கும் மேல் என்று குறிப்பிடுவார்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்று வகுத்தால் 114 ஆண்டுகள்! அதாவது ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. நடைமுறையில் மாற்றப்பட்டவை நூற்றுக்கு 2 முதல் 4 வரை. சில இடங்களில் 13 வரை. பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வரவில்லை, ஒன்றையொட்டி இன்னொன்று வந்தது என்பதும் அவர்கள் கண்டது.

இன்னும் தெளிவான சான்று 2019 நவம்பரில் வந்தது. ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் தன்னுடைய சில எஸ்.எஸ்.டி. மாதிரிகள் 32,768 மணி நேரம் இயங்கியதும் நின்றுவிடும், தரவையும் மீட்க முடியாது, உடனே உள்மென்பொருளை மாற்றுங்கள் என்று அறிவித்தது. 32,768 என்ற எண்ணைப் பார்த்ததும் கணினி ஆசிரியர்களுக்குப் பொறி தட்டும்: 2இன் 15ஆம் அடுக்கு. பதினாறு பிட்டில் குறியுடன் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. மணியை எண்ணிய கணக்கில் அடுத்த எண்ணுக்கு இடம் இல்லாமல் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். நாளாக மாற்றினால் 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் பொருத்தி ஒரே நாளில் இயக்கிய தட்டுகள் அனைத்தும் ஒரே மணி நேரத்தில் நிற்கும். இரண்டு படி, மூன்று படி, 'மொத்தம்' எதுவும் காப்பாற்றாது. அந்தக் கொத்தில் வேறு நிறுவனத்தின் தட்டோ, ஆறு மாதம் தள்ளி வாங்கிய தட்டோ கலந்திருந்தால் தரவு பிழைத்திருக்கும்.

ஆகவே எதில் கலக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அளவிலும் வேகத்திலும் வகையிலும் கலப்பது இடத்தையும் நேரத்தையும் விழுங்குகிறது. தயாரித்த நிறுவனத்திலும் வாங்கிய காலத்திலும் கலப்பது தரவைக் காப்பாற்றுகிறது. 2 டெராபைட் என்றால் இரண்டும் 2. ஆனால் ஒன்று இந்த நிறுவனம், இன்னொன்று அந்த நிறுவனம். முன்பு ஒரே அளவு என்று சொல்லப்பட்ட தட்டுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் சில பிரிவுகள் கூடியும் குறைந்தும் இருக்கும். சற்றே சிறிய தட்டைப் பெட்டி ஏற்காது. பிறகு தயாரிப்பாளர்கள் ஒரு சூத்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள். இன்று 1 டெராபைட் தட்டு என்றால் 512 பைட் கொண்ட 1,95,35,25,168 பிரிவுகள் என்பது பொது அளவு. அந்தத் தடையும் பெரும்பாலும் இல்லை.

எங்கள் பெட்டிக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். 3, 5, 4.5 என்ற மூன்று எண்களையும் பலகையில் எழுதி ஒன்பதாம் வகுப்பையே கேட்டேன். பெரும்பாலானவர்கள் 5 டெராபைட்டுக்குத்தான் கை தூக்கினார்கள். பெட்டியே மின்னழுத்த ஏற்றத்தில் எரிந்தால்? யாராவது தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால்? இரண்டு படியும் ஒரே நொடியில் அழியும் அல்லவா என்று கேட்டதும் கைகள் இறங்கின. கடைசியில் வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு 2 டெராபைட் தட்டுகளை மட்டும் பெட்டியில் ஒன்றுக்கொன்று நகலாக வைத்தோம். கிடைத்த இடம் 2 டெராபைட். பள்ளிக்கு அது போதும். 4 டெராபைட் தட்டு பெட்டிக்குள் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வெளியே எடுத்து, முழு நகல் எடுத்து, திரும்ப அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். கலந்து வைத்திருந்தால் வீணாகியிருக்கக்கூடிய அந்த அதிகப்படி இடத்தில் முந்தைய வாரத்து நகலும் இருக்கிறது.

மிகவும் பழையதாக இருந்த 1 டெராபைட் தட்டை ஆறு முனைத் திருப்புளியால் வகுப்பில் திறந்து காட்டினேன். முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தகட்டையும், அதன் மேல் நிற்கும் சிறு முள்ளையும் பார்க்க அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பெட்டியில் உள்ள தட்டுகளின் மேல் வாங்கிய மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை நகலுக்கு ஒரு பதிவேடு. கையெழுத்துப் போடுவது இரண்டு மாணவர்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய படத்தைச் சொல்லி, பீரோத் தட்டிலிருந்து அதை எடுத்துக் காட்டச் சொல்கிறேன். இதுவரை ஒருமுறை எடுக்க முடியவில்லை. நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கம்பியைப் பிடுங்கியிருந்தார்கள். அது தெரிந்ததே அந்தப் பதிவேட்டால்தான்.